கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு

என் வேலையைச் சொன்னால் விருந்துகளில் பேச்சு நின்றுவிடும்.
ஒரு மருத்துவமனை எழுதிய இதயத்தை
இன்னொரு மருத்துவமனை படிக்கும்படி செய்வது.
இங்கே நாடித்துடிப்பு என்றொரு கட்டம்,
அங்கே அதற்கே ஐந்து இலக்கக் குறியெண்.
நடுவில் கோடு இழுப்பவள் நான்,
ஔலு நகரத்தில், மூன்றாம் மாடியில்.

ஜனவரியில் ஒரு கோப்பு வந்தது.
தெனோ ஆற்றங்கரை. பெயர் ஓவ்லா. வயது ஐம்பத்தெட்டு.
இறந்தவர்.
மார்புத் தோலுக்கடியில் தீக்குச்சி நீளத்தில் ஒரு பதிவுக்கருவி.
வைத்தது அக்கரை மருத்துவர், நார்வே.
அவர் உறங்கியது இக்கரையில், பின்லாந்து.

கருவி சொன்னது: 02:14, இதயம் தாறுமாறு.
அவசர எண் சொன்னது: 03:17, மனைவியின் அழைப்பு.
இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து
எங்கள் மென்பொருள் கழித்துப் பார்த்தது.
கழிக்கத்தான் தெரியும் அதற்கு.
அறுபத்துமூன்று நிமிடம்.

யாரோ மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள்:
அவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
ரிஸ்தென் பதில் எழுதவில்லை.
காலிக் கட்டத்தை எங்கள் தரநிலை மூன்றாய்ப் பிரிக்கும்:
தெரியாது, கேட்கப்படவில்லை, சொல்ல மறுத்தார்.
யாரோ மூன்றாவதைத் தேர்ந்திருந்தார்கள்.

அந்த ஊரில் கைபேசிக்கே குழப்பம்.
உறைந்த ஆற்றில் இருநூறு அடி நடந்தால்
ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும்.
கலியாணத்துக்கு அழைத்தால்
முதலில் எந்தக் கரை நேரம் என்று கேட்பார்கள்,
எத்தனை மணி என்பது பிறகு.
தெரியாதது எங்களுக்கு மட்டும்.

நேரத்தின் வாலில் ஆறு எழுத்து இருக்க வேண்டும்,
எந்த மண்ணின் நேரம் என்று சொல்ல.
விதிநூலில் அது 'கட்டாயம் அல்ல.'
அந்தச் சொற்களை ஏற்ற கூட்டத்தில்
நானும் கை தூக்கியிருந்தேன்.
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

கூட்டல் ஒன்று. கூட்டல் இரண்டு.
அறுபத்துமூன்று, மூன்றாயிற்று.

அதோடு மூடியிருக்கலாம்.
அலையைத் திறந்தேன்.
கருவியின் நினைவில் மிஞ்சியது ஏழு நிமிடம்.
முதலில் காற்றில் நடுங்கும் புல் போல ஒரு கோடு.
02:15-இல் அதன்மேல் பெரிய மேடுகள்,
நிமிடத்துக்கு நூற்றுப்பத்து,
அந்த இதயத்தால் அப்போது முடியாத உயரம்.
மென்பொருள் வைத்த பெயர்: இரைச்சல்.
ஆய்வுக்கு உதவாது. நீக்கலாம்.

02:17-இல் மேடுகள் இல்லை. பதினெட்டு விநாடி.
அழைப்புப் பதிவை எடுத்துக் கேட்டேன்.
பெயர், சாலை, எரியும் வெளிவிளக்கு, கதவு திறந்திருக்கிறது.
பதினெட்டு விநாடி.
பிறகு மீண்டும் மேடு, மேடு, மேடு,
கொஞ்சம் தாழ்ந்து,
ஓரிடத்தில் தடுமாறி, மறுபடி எழுந்து,
நினைவகம் நிரம்பும் வரை.

அவருடைய உள்ளங்கைகள்.

மருத்துவர் அர்மாஸ் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
"இதற்குக் குறியெண் உண்டா?"
தேடினேன். மின்சாரக் குறுக்கீட்டுக்கு உண்டு,
நோயாளி இருமியதற்கு உண்டு,
வண்டி குலுங்கியதற்கும் உண்டு.

மன்னிப்புக் கடிதம் ரிஸ்தென் வீட்டில் பேசும் மொழியில்தான்
போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.
மொழிபெயர்ப்பாளர் கிடைக்க இரண்டு வாரம்.
மூன்று நிமிடத்தையும் சொன்னோம், அலையையும் சொன்னோம்,
இடைவெளியையும்.

மார்ச் கடைசியில், வெளிச்சம் திரும்பியிருந்தபோது, பதில்.
அறுபத்துமூன்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.
'பேசுவதற்காகக் கையை எடுத்தேன்.
பதினெட்டு விநாடி அதிகமா?'

அர்மாஸ் பேனா கேட்டார்.
ஒரே சொல் எழுதினார்: இல்லை.
அதன் கீழே நான் மணியைக் குறித்தேன்,
எந்தக் கரையின் மணி என்றும்.